காட்டுக்குள் ஒரு காணி



தேனி மாவட்டம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கம்பம் பள்ளத்தாக்கு. 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்து லோயர்கேம்ப்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வழிநெடுக நெல்லையும் வாழையையும் திராட்சையையும் விளைய வைக்கிறது. இங்கே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் சர்வே எண் உண்டு, பட்டா உண்டு, சென்ட் கணக்கில் விலையும் உண்டு. இந்தப் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே எழுந்து நிற்கும் மேகமலையில் கதையே வேறு. இன்று அங்கேதான் போகிறோம்.

தேனியிலிருந்து கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாக வருசநாடு. பாதை மூல வைகையை ஒட்டியே போகிறது. மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் ஆறு வெறும் மணலும் பாறையும்தான். இந்தக் காடுமேடெல்லாம் ஒரு காலத்தில் கண்டமனூர் ஜமீனைச் சேர்ந்தவை. வாலிப்பாறை தாண்டியதும் தார்ச்சாலைக்கும் நமக்கும் தொடர்பு அறுந்துவிடும். அரசரடி, மஞ்சனூத்து, இந்திராநகர், பொம்மராஜபுரம் என்று காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கு ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். அடிவாரத்தில் முள்ளும் இலையுதிர் மரமும். மேலே ஏற ஏற ஈரம் கூடி, உச்சியில் வெயில் தரையைத் தொடாத மழைக்காடு.

இந்த மலையின் அடிப்பகுதியில் பங்குனி, சித்திரையில் போனால் இலவ மரங்களைப் பார்க்கலாம். இலை கொட்டிப்போன கிளைகளில் பழுப்பு நெற்றுகள் தொங்கும். தொரட்டிக் கம்பால் பறித்துக் குவித்து, ஓட்டை உடைத்து, பஞ்சையும் விதையையும் பிரிப்பார்கள். உடைக்கிற பெண்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருந்தாலும் புருவமெல்லாம் வெள்ளையாகிவிடும். தமிழ்நாட்டு இலவம்பஞ்சு மெத்தைகளுக்குள் இருப்பதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்துச் சரக்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மரத்தை வைத்தவருக்குப் பல இடங்களில் நிலத்தின் மீது பட்டா கிடையாது. ஆனாலும் கீழே இருந்து வரும் வியாபாரி, காய் விளையும் முன்பே மரத்தைக் குத்தகை பேசி முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். நிலம் மரம் வைத்தவருடையது என்று சர்க்கார் ஒப்புக்கொள்ளாது; மரம் அவருடையது என்று சந்தை ஒப்புக்கொள்கிறது. சந்தையின் ஒப்புதலை வைத்துக்கொண்டு கூட்டுறவு வங்கிக்குப் போக முடியாது. அங்கே சிட்டா, அடங்கல் கேட்பார்கள். அது இல்லாதவருக்குப் பயிர்க்கடன் இல்லை. அவசரத்துக்கு அதே வியாபாரியிடம்தான் கை நீட்ட வேண்டும். அடுத்த வருசத்துக் காய்க்கு இந்த வருசமே விலை முடிந்துவிடும்.

இந்தக் காடுகளில் நெடுங்காலமாக வாழ்பவர்கள் பளியர். கிழங்கு தோண்டுவதும் தேன் எடுப்பதும் அவர்கள் தொழில். மலைத்தேனீ செங்குத்தான பாறை இடுக்கில் கூடு கட்டும். கொடியைப் பிடித்து, புகை மூட்டி, ஒருவர் இறங்குவார். மேலே கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனனாக இருக்க வேண்டும் என்பது தேன் எடுக்கும் பழங்குடிகளிடையே பல மலைகளில் உள்ள வழக்கம். கயிறு நழுவினால் தாலி அறுப்பது தன் அக்கா தங்கச்சிதானே, அந்தப் பயத்தில் பிடி தளராது! 1960களில் பளியரிடையே தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்கள் ஒருவருக்கொருவர் மேல் கீழ் பார்க்காதவர்கள், சண்டை வந்தால் முட்டி மோதாமல் விலகி வேறிடம் போய்விடுபவர்கள் என்று எழுதியிருக்கிறார். விலகிப் போகக் காடு விரிந்து கிடந்த காலம் அது. இன்று எந்தப் பக்கம் விலகினாலும் ஏதாவது ஓர் எல்லை குறுக்கிடும்.

2009-இல் மேகமலை வனவிலங்கு சரணாலயமாயிற்று. 2021-இல் திருவில்லிபுத்தூர் மலைகளோடு சேர்த்து இந்தியாவின் 51-ஆவது புலிகள் காப்பகமாயிற்று. அதற்குக் காரணம் வலுவானது. சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் யானையும் இங்கே உண்டு. 1948-இல் இயற்கை ஆர்வலர் ஆங்கஸ் ஹட்டன் இந்த மலையில் பிடித்த ஒரு பழந்தின்னி வௌவால், 1972-இல்தான் புது இனம் என்று கண்டறியப்பட்டு, பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைப் பெற்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, வைகை பிறக்கும் காடு இது. 1959-இல் திறந்த வைகை அணைக்கும், மதுரைக்காரர்களின் குடத்துக்கும் இந்தச் சோலைகளின் ஈரம் வேண்டும்.

அப்படியானால் உள்ளே இருப்பவர்கள்? அதற்கு 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருந்து உழுதுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு, உழும் அளவுக்கு, நான்கு ஹெக்டேர் வரை உரிமை. பத்திரம் கணவன், மனைவி இருவர் பேரிலும் இருக்கும். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. பழங்குடி அல்லாதவர் என்றால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 1930-க்கே போக வேண்டும். பஞ்சம் பிழைக்க அதற்குப் பின்னால் மலையேறி வந்த குடியானவர்கள் இங்கேதான் இடறி விழுகிறார்கள். வனத்துறையின் ஏட்டில் அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள்.

காகிதம் இல்லாதவர் எதைக் காட்டுவது? சட்டத்தின் விதிகள் இதில் தாராளம். பழைய கிணறு, வரப்பு, சாமி கும்பிடும் இடம், இடுகாடு எல்லாமே ஆதாரம். ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதி வாங்கியதும் ஆதாரம். முதலில் விசாரிப்பது கிராம சபை. விசாரணை முடியும் வரை உரிமை கேட்டவரை வெளியேற்றக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது.

ஆடு மாடுதான் சொத்து என்று இருப்பவர்களும் உண்டு. தேனி மலைமாடு சிறியது, கட்டுறுதியானது. தொழுவில் கட்டித் தீனி போட்டு வளர்க்கிற மாடு இல்லை. காட்டில் மேய்ந்து, அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டு எரு கொடுக்கும். முன்பெல்லாம் வனத்துறையே கட்டணம் வாங்கிக்கொண்டு மேய்ச்சல் சீட்டு கொடுத்தது. 2022 மார்ச்சில் உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகள் முழுவதும் மேய்ச்சலைத் தடுத்து, பின்னர் அதே மாதத்தில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று அந்தத் தடையைச் சுருக்கியது. மேகமலை அந்தச் சுருக்கத்துக்குள்ளும் அடங்கிவிட்டது. மேயாத மலைமாட்டை விற்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

சின்னமனூரிலிருந்து இதே மலையில் உள்ள ஹைவேவிஸுக்கு ஏறினால் இன்னொரு வகை வாழ்க்கை. சுமார் 5,000 அடி உயரத்தில் தேயிலைத் தோட்டம், நடுவே ஏரிகள், ஓரத்தில் வரிசையாகத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள். பிறந்தது, படித்தது, பெண் எடுத்தது எல்லாம் அந்த வீட்டில்தான். ஆனால் வேலை இருக்கும் வரைதான் வீடு. ஓய்வு பெற்றதும் கீழே இறங்கி, பள்ளத்தாக்கில் வாடகைக்கு இடம் தேட வேண்டும். ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொள்ளும் நம்மில் யாரும் அந்தக் கதவுகளைத் தட்டிக் கேட்பதில்லை.

காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. காட்டை வெட்டித் தோட்டம் போடுவது நிற்க வேண்டும். அதே நேரம், உரிமை கேட்டு எழுதிக் கொடுத்த மனுவுக்கு 'உண்டு' என்றோ 'இல்லை' என்றோ காரணத்தோடு ஒரு பதில் வர வேண்டும். பதில் தெரியாமல் காத்திருப்பவர் நல்ல மரம் வைக்க மாட்டார், வரப்பைச் சீர் செய்ய மாட்டார். நாளைக்கு யாருக்கோ என்று விட்டுவிடுவார். நிலத்தில் காலூன்றியவர்தான் அடுத்தவர் வந்து காட்டை வெட்டும்போது தடுக்கவும் செய்வார். வைகைத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு இதில் சொந்த அக்கறையே இருக்கிறது.

போக நினைப்பவர்கள், சோதனைச் சாவடியில் அனுமதி கேட்டுக்கொண்டு காலையிலேயே ஏறுங்கள், இருட்டும் முன் இறங்குங்கள்.