அச்சமும் அதன் பெயர்களும்



தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைக்கிறார். அது பிறக்கும் நிலைக்களன் நான்கு என்றும் வரையறுக்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பவை. விலங்கைக் கண்டால் ஓடலாம், கள்வரை எதிர்க்கலாம், அணங்கிற்கு வழிபாடு உண்டு, இறையிடம் பிழை பொறுக்க வேண்டலாம். அச்சத்திற்கு ஒரு முகவரி இருந்தது எனலாம்.

இக்காலத்துப் பலரை அலைக்கழிக்கும் பதற்றத்திற்கு அம்முகவரி இல்லை. நள்ளிரவில் நெஞ்சு படபடக்க விழித்தெழுபவரின் வாயிலில் கள்வர் எவரும் இல்லை. மகளின் தேர்வு, வீட்டுக் கடனின் தவணை, மேலாளர் போகிறபோக்கில் சொன்ன ஒரு சொல், வந்துவிடுமோ என்று எண்ணும் நோய் என அவருடைய மனம் ஒன்றிலிருந்து ஒன்றிற்குத் தாவுகிறது. ஒன்று தீர்ந்தாலும் மற்றொன்று அவ்விடத்தில் வந்து அமர்கிறது. அச்சம் கண்முன் உள்ளதைப் பற்றியது. பதற்றமோ இன்னும் வாராததைப் பற்றியது.

ஆயினும் தொல்காப்பியர் இந்நிலையை அறியாதவர் என்று சொல்லிவிட இயலாது. அந்த எட்டிற்கும் புறம்பாக அவர் எண்ணும் முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளுள் வியர்த்தல், நடுக்கு, ஐயம், விரைவு, உயிர்ப்பு, கையாறு, இடுக்கண் ஆகியன உள்ளன. அவற்றை அச்சத்தின் விளைவுகள் என அவர் கூறவில்லை, தனித்தனியேதான் நிறுத்துகிறார். எனினும் இன்றைய மருத்துவர் பதற்றத்தின் அறிகுறிகளை எழுதத் தொடங்கினால், வியர்வையும் நடுக்கமும் பெருமூச்சும் அந்தத் தாளில் தவறாமல் இடம்பெறும். மனத்தில் நிகழ்வது மெய்யில் படும் என்பதே அவ்வியலின் பெயர்க்காரணம் அல்லவா?

மெய்யில் படும் வழியை அறிவியல் 20ஆம் நூற்றாண்டில் கண்டது. அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில், இடர் நேரும்போது உடல் போருக்கோ ஓட்டத்திற்கோ ஆயத்தமாவதை விளக்கினார். சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரினலினைச் சொரிகின்றன, நெஞ்சு விரைகிறது, செரிமானம் தணிகிறது, வாய் உலர்கிறது. 1936இல் ஹான்ஸ் செலியே, குளிர், காயம், மிகையான உழைப்பு என வெவ்வேறு துன்பங்களுக்கு எலிகளை ஆளாக்கியபோதும் அவற்றின் உடலில் ஒரே வகையான சிதைவு தோன்றுவதைக் கண்டார். வேங்கையிடமிருந்து தப்ப உதவும் அதே ஏற்பாடு, வேங்கை இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் நீடித்தால் உடலையே அரிக்கிறது.

இவ்விடத்தில் கவிஞர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ‘மன அழுத்தம்’ என்னும் ஒரே தொடரைத் தமிழ் இதழ்கள் மூன்று வெவ்வேறு நிலைகளுக்குப் பயன்படுத்துகின்றன. வெளியிலிருந்து வரும் சுமைக்கும் அதுவே. வரவிருப்பதைக் குறித்த பதற்றத்திற்கும் அதுவே. எதிலும் நாட்டமின்றி ஒடுங்கிப்போகும் மனச்சோர்வு நோய்க்கும் அதுவே. விளைவு விபரீதமானது. மனச்சோர்வால் படுக்கையைவிட்டு எழ இயலாதவரிடம், ‘எல்லாருக்கும் இருப்பதுதானே’ என்று சுற்றத்தார் கூறிவிடுகின்றனர். ஈழத்து உளநல நூல்கள் சுமையை நெருக்கீடு என்றும் பதற்றத்தைப் பதகளிப்பு என்றும் பிரித்து வழங்குகின்றன. ‘பதகளிப்பு’ என்னும் சொல்லிலேயே நெஞ்சின் துடிப்புக் கேட்கிறது. தமிழகத்தார் அதைக் கடன் வாங்கினால் குறைவொன்றும் இல்லை.

கவிஞர்களுக்கு நெருக்கமான பதகளிப்பு அவையச்சம். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். போர்க்களத்தில் அஞ்சாது மடிபவர் பலர், அவையில் அஞ்சாது பேசுபவர் சிலரே என்பது அவர் துணிபு. அவர் கூறும் மருந்து கற்றுத் தேர்ந்து செல்லுதல். இன்றைய உளவியல் இதனோடு ஒன்றைச் சேர்க்கிறது: விலகாதிருத்தல். கவியரங்கிற்கு அழைப்பு வந்ததும் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலிருப்பவர்க்கு அன்று மாலை பெரிய நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே அடுத்த முறை அச்சத்தை வளர்க்கிறது. முதலில் நண்பர் மூவர் முன், பின்னர்ப் பதின்மர் முன், பின்னர் மேடையில் எனப் படிப்படியாகச் சென்று, நடுக்கம் தானே தணியும்வரை அங்கேயே நிற்பதுதான் வழி. கை நடுங்கினாலும் கவிதையை வாசித்து முடிக்கலாம் என்பதை உடல் பட்டறிந்துதான் கற்கும். பிறர் சொல்லிக் கற்பதில்லை.

எழுதுவதும் மருந்தாகுமா? ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் சிலர் தம் வாழ்வின் கொடிய நிகழ்வைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம் வீதம் தொடர்ந்து 4 நாள் எழுதினர். எழுதி முடித்த கணத்தில் அவர்கள் முன்னிலும் துயருற்றனர். பின்வந்த மாதங்களிலோ, நிகழ்ந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்தெழுதியோர் மருத்துவரை நாடுவது குறைந்தது. பின்னர் நடந்த பல ஆய்வுகள் இப்பயன் சிறிதளவே என்று காட்டின. எழுத்து கைத்தடி, கட்டுப்போட வேண்டிய எலும்பிற்கு அது போதாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. துன்பமே கவிதையின் ஊற்று, அதைக் குணப்படுத்தினால் ஊற்று வற்றிவிடும் என்றொரு நம்பிக்கை எழுதுவோரிடையே உலவுகிறது. 1951இல் பிறந்து ‘ழ’ இதழை நடத்திய ஆத்மாநாம் கடும் மனநோயால் துன்புற்று 1984இல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். நோய் அவருக்குக் கவிதை தந்தது என்று பேசுவோர், அது அவரிடமிருந்து பறித்த ஆண்டுகளின் கவிதைகளை எண்ணிப் பார்ப்பதில்லை.

உறக்கமின்மையும் படபடப்பும் வாரக்கணக்கில் நீடித்து அன்றாட வேலையைத் தடுக்குமாயின் மருத்துவரைக் காண வேண்டும். பேச்சுவழிச் சிகிச்சையும், தேவையெனில் மாத்திரையும் உண்டு. இறந்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் தாமதித்தலாகாது. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.