குழந்தையும் ஒரு பயணிதான்
(மாதுங்காவில் அங்கத்தினர்களிடையே ஆற்றிய உரை)

மாதுங்காவிலும் செம்பூரிலும் வெளிநாட்டில் பிள்ளையோ பெண்ணோ இல்லாத அகம் இன்று அபூர்வம். முன்பெல்லாம் பிரசவம் பார்க்க நாம் மட்டும் போய் வந்தோம். இப்போது பேரன் பேத்திகளை அழைத்துக்கொண்டு போகும் பொறுப்பும் சில சமயம் நம்மிடம் வருகிறது. அதில் நான் பட்ட அனுபவத்தைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன், லீவுக்கு வந்திருந்த நாலு வயதுப் பேத்தியைப் பெண், மாப்பிள்ளையிடம் கொண்டு விடப் புறப்பட்டேன். டிக்கெட், பாஸ்போர்ட், விசா, பருப்புப் பொடி எல்லாம் தயார். இறங்கிய ஊரில் அதிகாரி, "பெற்றோரின் சம்மதக் கடிதம் எங்கே?" என்றார். "நான் இவள் பாட்டி" என்றேன். அதைக் காட்ட என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. அவர் குழந்தையிடம், "இவர் யார்?" என்று கேட்டார். தூக்கக் கலக்கத்தில் அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வெளியே காத்திருந்த பெண்ணை அவர்கள் தேடிப் பேசி எங்களை அனுப்ப ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. பிறகுதான் புரிந்தது. பெற்றோர் பிரிந்த குடும்பங்களில் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் குழந்தையை வேறு தேசத்துக்குக் கொண்டுபோவது உண்டு. அதற்காகவே 1980-ல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியா இன்னும் அதில் சேரவில்லை. அந்த அதிகாரி என்னை அவமதிக்கவில்லை, குழந்தைக்காகக் கேட்டார்.

நம்மவர்களுக்கு இன்னொரு சங்கடம், பெயர். அப்பா பெயரே பலருக்கும் குடும்பப் பெயர். ஆகவே தாய், தகப்பன், குழந்தை மூவர் பாஸ்போர்ட்டிலும் மூன்று விதமாக இருக்கும். இவர்கள் ஒரே குடும்பம் என்று அந்நியருக்கு எப்படித் தெரியும்? பிறப்புச் சான்றிதழின் நகலும், பெற்றோரில் உடன் வராதவர் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற கடிதமும் கைப்பையில் இருக்கட்டும். பாட்டி, தாத்தாவுடன் போனால் இருவர் கையெழுத்தும் வேண்டும்.

கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட், தனி விசா. சிறு குழந்தைகளின் பாஸ்போர்ட் 5 வருஷம்தான் செல்லும். பல நாடுகள் குறைந்தது 6 மாதம் பாக்கி இருக்க வேண்டும் என்கின்றன. 2 வயது வரை மடியில் வைத்துக்கொள்ளலாம், கட்டணம் பொதுவாகப் பெரியவரில் 10 சதவீதம். ஆனால் பயணத்தின் நடுவே இரண்டாவது பிறந்த நாள் வந்தால், திரும்பும்போது தனி இருக்கை வாங்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே இதைக் கேளுங்கள். விமானத் தொட்டில் சிலவே உண்டு. எடை வரம்பும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

2006-லிருந்து கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி வந்தது. குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் பயணத்துக்கு வேண்டிய அளவு பொதுவாக விலக்கு உண்டு. விமானம் இறங்கும்போது காது அடைத்துக் குழந்தை வீறிடும். அப்போது பாலோ தண்ணீரோ உறிஞ்சக் கொடுத்தால் சரியாகிவிடும். மருந்தை டாக்டர் சீட்டுடன் கைப்பையிலேயே வையுங்கள்.

மார்க்கெட்டில் வாங்கிக் கட்டும்போதும் கவனம் வேண்டும். கொப்பரை தானாகவே சூடேறும் பொருள் என்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கசகசாவுக்கு எமிரேட்ஸிலும் சிங்கப்பூரிலும் தடை. ஆஸ்திரேலியா போனால் உணவுப் பண்டம் எதுவானாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். மறைத்தால் அபராதம்.

போய்ச் சேர்ந்ததும் முதல் இரண்டு நாள் ஊர் சுற்ற வேண்டாம். அமெரிக்காவில் நம் பகல் அவர்களுக்கு இரவு. பெரியவர்களே நடுநிசியில் விழித்துக்கொள்ளும்போது குழந்தை என்ன செய்யும்?

கடைசியாக, குழந்தையிடமும் பேசுங்கள். எங்கே போகிறோம், யாருடன் போகிறோம், அப்பா அம்மாவின் முழுப் பெயர் என்ன என்று விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள். ஃபோன் நம்பர் எழுதிய சீட்டு சட்டைப் பையில் இருக்கட்டும்.

அடுத்த தடவை நாங்கள் போனபோது, அதிகாரி வாய் திறக்குமுன்பே பேத்தி, "இது என் பாட்டி" என்றாள். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.