பருவந்தோறும் மாறும் தாகம்

செராமிக் கூடங்களிலிருந்து அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, தயவுசெய்து முன்னால் வந்து அமருங்கள். இன்றைக்கு இங்கே பேசப்போவது உங்கள் உடம்பைப் பற்றி. நாங்கள் சொல்வது தவறென்றால் எழுந்து நின்று சொல்லும் உரிமை மற்றவர்களைவிட உங்களுக்கே அதிகம்.

பெண்ணின் வாழ்க்கைப் பருவங்களில் ஏற்படும் ஹார்மோன் மாற்றங்கள் அவள் உடலின் நீர்ச்சத்தை எப்படிப் பாதிக்கின்றன என்பது இக்கருத்தரங்கின் பொருள். இதைச் சென்னையில் குளிரூட்டிய அரங்கம் ஒன்றில் பேசியிருக்கலாம். விருத்தாசலத்தில் பேசுவதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் களிமண் இந்த ஊருக்கு ஒரு தொழிலைக் கொடுத்திருக்கிறது. ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், அகல் விளக்கு, கொலுப் பொம்மை எனத் தமிழ்நாட்டு வீடுகளில் புழங்கும் பல பொருள்கள் இங்கே உருவாகின்றன. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பயிலகம் ஒன்றும் இங்கு இருக்கிறது. அச்சில் களிமண் குழம்பு ஊற்றுவது, காய்ந்த பொருளின் பிசிறைச் சுரண்டுவது, கிளேசில் முக்குவது, வண்ணம் தீட்டுவது, எடுத்து அடுக்குவது ஆகிய வேலைகளில் பெண்களின் கைகளே நிறைய. பக்கத்தில் சூளை எரிகிறது. ஆயிரம் டிகிரியைத் தாண்டிய நெருப்பு. மேலே சிமென்ட் ஓட்டுக் கூரை, வெளியே கத்திரி வெயில். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களுக்கும் இதே வெயில்தான். நீர்ச்சத்தைப் பற்றிய அறிவு யாருக்கு அவசரமாகத் தேவையோ அவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

மருத்துவமனைக்கு வரும் பெண்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, “ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கணும்?” என்பது. எட்டு டம்ளர், மூன்று லிட்டர் என்று நாமும் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லி அனுப்புகிறோம். அந்த எண்ணுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: பதினைந்து வயதிலும் நாற்பத்தைந்து வயதிலும், கருவுற்றபோதும் பால் கொடுக்கும்போதும், உடம்பு ஒரே மாதிரி தாகம் எடுக்கும், ஒரே மாதிரி நீரைப் பிடித்து வைக்கும் என்ற நம்பிக்கை. அது சரியில்லை என்பதுதான் என் முதல் கருத்து. தாகம் சரியாக எடுத்தாலும், எடுத்த தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும் நிலையில் அவள் இருக்கிறாளா என்பது இரண்டாவது. இரண்டையும் பிரித்துப் பேசினால் ஆய்வு பாதியில் நின்றுவிடும்.

நம் அளவுகோல்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். வேலையிடத்து வெப்பத்தை அளக்க உலகம் முழுவதும் பயன்படும் ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை 1950-களில் அமெரிக்காவில் பிறந்தது. பாரிஸ் ஐலண்ட் என்ற பயிற்சி முகாமில் வெயில் தாங்காமல் விழுந்த கடற்படைத் துருப்புகளின் இளைஞர்களைக் காப்பாற்றவே அதை உருவாக்கினார்கள். அந்த நோக்கத்துக்கு அது நல்ல கருவி. ஆனால் கட்டுடல் கொண்ட இளம் ஆண்களை முன்வைத்துப் பிறந்த கருவி அது. மருத்துவப் பாடநூல்களில் நாம் படித்த மாதிரி மனிதரும் 70 கிலோ எடையுள்ள ஆண்தான். மாதச் சுழற்சி முடிவுகளைக் குழப்பிவிடும் என்று சொல்லியே நெடுங்காலம் பெண்களை உடலியல் ஆய்வுகளில் சேர்க்கவில்லை. அரசு நிதியில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 1993-இல். குழப்பம் என்று ஒதுக்கிய அந்த மாதச் சுழற்சியே இன்று நம் ஆய்வுப்பொருள்.

இனி உடலுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். இரத்தத்தில் உப்பின் செறிவு சற்றே கூடினால் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி அதை உணர்கிறது. உடனே இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, தாகம். மற்றொன்று, வாசோபிரசின் என்ற ஹார்மோன் சுரந்து, சிறுநீராக வெளியேறும் நீரைக் குறைக்கச் சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. எந்தச் செறிவில் இந்த மணி அடிக்க வேண்டும் என்ற எல்லைக்கோடு நிலையானது என்றே நெடுநாள் நினைத்திருந்தோம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நினா ஸ்டாக்கன்ஃபெல்ட் உள்ளிட்டோரின் ஆய்வுகள், ஈஸ்ட்ரோஜன் கூடும்போது அந்தக் கோடு கீழே இறங்குகிறது என்று காட்டின. அதாவது முன்னைவிடக் குறைந்த செறிவிலேயே தாகம் தொடங்குகிறது, உடல் நீரைப் பிடிக்கத் தொடங்குகிறது. புரோஜெஸ்டிரோன் வேறொரு திசையில் வேலை செய்கிறது. உப்பைத் தக்கவைக்கும் ஆல்டோஸ்டிரோனுக்குக் குறுக்கே நின்று உப்பை வெளியேற்றப் பார்க்கும். உடல் அதை ஈடுகட்ட மேலும் ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கும். கருமுட்டை வெளியான பின் வரும் இரண்டு வாரங்களில் உடல் வெப்பநிலை 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்திருக்கும். வியர்வை தொடங்குவதும் சற்றுத் தாமதமாகும். குளிர்ந்த அறையில் இருப்பவளுக்கு இது தெரியவே தெரியாது. சூளைக்கு அருகில் நிற்பவளுக்கு எப்படி இருக்கும் என்பது இங்கே ஆராய வேண்டிய கேள்வி.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நலமான உடம்பு மாதச் சுழற்சியின் இந்த ஏற்ற இறக்கங்களைப் பெரும்பாலும் தானே சமாளித்துக்கொள்கிறது. கோடு நகர்கிறதே தவிர, மொத்த நீர்ச்சமநிலை குலைவதில்லை. மாதவிடாய்க்கு முன் இத்தனை லிட்டர் கூடுதலாகக் குடி என்று எண் சொல்லி அறிவுரை கூற இப்போதுள்ள சான்றுகள் போதாது. இந்த மேடையில் அப்படிச் சொல்வதைத் தவிர்க்க வேண்டுகிறேன்.

கருவுற்ற காலம் அப்படியல்ல. முதல் சில வாரங்களிலேயே இரத்த நீரின் செறிவு கிலோவுக்கு ஏறக்குறைய 10 மில்லி ஆஸ்மால் குறைந்து, பேறுகாலம் வரை அங்கேயே நிற்கிறது. தாகத்தின் கோடும் கூடவே இறங்கிவிடுவதால் தாய் முன்பைவிட எளிதில் தாகம் உணர்கிறாள். இரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை பெருகுகிறது. சிறுநீரகம் வடிகட்டும் அளவும் பாதிக்குப் பாதி கூடுகிறது. ஆகவே அடிக்கடி சிறுநீர் வருகிறது. இங்கேதான் உடலியலும் வேலையிடமும் மோதுகின்றன. “குடிச்சா ஒதுங்கணும், எங்க போயி ஒதுங்குறது டாக்டரம்மா?” என்று கேட்கும் பெண்ணுக்கு ஹார்மோனைப் பற்றிப் பாடம் எடுத்துப் பயனில்லை. அவள் தண்ணீரைக் குறைக்கிறாள், வருவதை அடக்குகிறாள். புரோஜெஸ்டிரோனால் சிறுநீர்க் குழாய்கள் ஏற்கெனவே தளர்ந்திருக்கின்றன. தேங்கிய சிறுநீரில் கிருமி எளிதில் பெருகும். நீர்க்கடுப்பு என்று நாட்டு மருந்தோடு விட்டுவிடும் அந்தத் தொற்று சிறுநீரகம் வரை ஏறினால் குறைப்பிரசவத்தில் முடியலாம்.

இதற்கு நம் மாநிலத்திலேயே வலுவான ஆய்வு இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் பேராசிரியர் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு 2017-இல் தொடங்கித் தமிழ்நாட்டின் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற வெப்பமான இடங்களில் வேலை செய்தவர்கள். கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகிய ஆபத்துகள் அவர்களுக்கு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தன. ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் அதே நிறுவனத்தார் நடத்திய மற்றொரு ஆய்வில், பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள்; சுமார் 7 சதவீதத்தினருக்குச் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருந்தது. செங்கல் சூளைக்கும் செராமிக் சூளைக்கும் வேறுபாடு உண்டு. இங்கே நிழல் இருக்கிறது, வேலை நேரம் வேறு, களிமண் தூசு வேறு. எனவே அங்குள்ள எண்களை இங்கே அப்படியே ஒட்டிவிடக் கூடாது. இங்கே நாமே அளக்க வேண்டும்.

பால் கொடுக்கும் தாயைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். என் பணிக்காலத்தில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். தாய்ப்பாலில் 87 சதவீதம் தண்ணீர். நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் பால் சுரக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010-இல் பெண்களுக்கு நாளொன்றுக்கு, உணவில் உள்ள நீரையும் சேர்த்து, 2 லிட்டர் என்று வகுத்தது. பால் கொடுப்பவளுக்கு அதன்மேல் 700 மில்லி கூட்டியது. குழந்தை மார்பைப் பற்றியதும் தாய்க்குத் திடீரென்று தொண்டை வறண்டு தாகம் எடுக்கும். பாலை இறக்கும் ஆக்சிடோசின் சுரக்கும் நேரத்திலேயே அந்தத் தாகம் வருவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இயற்கை இவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது. நம் வீடுகளிலோ பத்தியம் என்ற பெயரில் அதே நாட்களில் தண்ணீரைத்தான் முதலில் குறைக்கிறோம். பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும், சளி பிடிக்கும், குழந்தைக்கும் சேராது என்கிறார்கள். ஒரு சொம்பு வெந்நீரை நாள் முழுக்க வைத்துக்கொள்ளச் சொல்லும் வீடுகளை நான் அறிவேன், அதுவும் மே மாதத்தில்.

தண்ணீர் அதிகம் குடித்தால் பால் அதிகம் சுரக்கும் என்பதற்குச் சான்றில்லை என்பதையும் சொல்கிறேன். தாயின் உடம்பு தன்னைச் சுரண்டியாவது பாலைக் கொடுத்துவிடும். தலைவலி, மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருதல் என்று நட்டப்படுவது அவள்தான். பத்தியத்தைக் கேலி பேசும் இளம் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மருமகளிடம் மட்டும் பேசாதீர்கள், மாமியாரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். பூண்டும் சுறாப்புட்டும் ஆக்கிப்போடும் அந்தக் கைகளுக்குக் குழந்தைமேல் அக்கறை இல்லாமல் இல்லை. சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை, ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு டம்ளர் கொடுங்கள் என்று சொன்னால் பெரும்பாலான மாமியார்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். குழந்தைக்கு மட்டும் ஆறு மாதம்வரை தண்ணீர் வேண்டாம், எந்தக் கோடையிலும் பால் போதும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

பூப்பெய்திய பள்ளிச் சிறுமிகளுக்கு உடலியல் சிக்கலைவிடக் கழிப்பறைச் சிக்கலே பெரிது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டாம் அமர்வில் அதற்கெனக் கட்டுரைகள் இருப்பதால் அங்கே விட்டுவிடுகிறேன்.

மாதவிடாய் நிற்கும் பருவம் நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில், மேலைநாடுகளைவிட முன்னதாகவே வருகிறது. ஈஸ்ட்ரோஜன் இறங்கியதும், வெப்பத்தைத் தாங்கும் எல்லை குறுகிப்போகிறது. திடீரென்று முகமும் கழுத்தும் காந்தி, வியர்த்துக் கொட்டி, இரவில் தூக்கம் கெடுகிறது. சிறுநீர்ப் பாதையின் உட்சுவர் மெலிவதால் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. அறுபதைத் தாண்டினால் தாக உணர்வே மங்கிவிடுகிறது. நீரைச் செறிவாக்கிச் சேமிக்கும் சிறுநீரகத் திறனும் குறைகிறது. இதற்கிடையில் இரத்த அழுத்தத்துக்கு நாம் எழுதிக்கொடுக்கும் மாத்திரைகளில் சிறுநீரை அதிகமாக்கும் வகையும் உண்டு. வேலை நாட்களில் அந்த மாத்திரையை மட்டும் விட்டுவிடும் பெண்களைத் திட்டுவதற்கு முன், அவர்கள் வேலை செய்யுமிடத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

சட்டம் என்ன செய்தது? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் குடிநீரும் கழிப்பறையும் கட்டாயம் என்றது. 250 பேருக்கு மேல் உள்ள ஆலைகளில் கோடையில் குளிர்ந்த நீர் தரவும் சொன்னது. ஆனால் மின்சாரம் கொண்டு இயங்கும் கூடத்தில் குறைந்தது 10 பேராவது வேலை செய்தால்தான் அது பொதுவாகப் பொருந்தியது. 2020-இன் தொழில்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, ‘தொழிற்சாலை’ என்ற வரையறைக்கான அந்த எண்ணை 20 ஆக உயர்த்தியது. சிறு கூடங்கள் நிறைந்த இந்த ஊரில் அந்த மாற்றத்தால் எத்தனை பெண்கள் அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறார்கள் என்று கணக்கெடுப்பது சமூகவியல் துறையினரின் கடமை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததை மனமார வரவேற்கிறேன். அந்த அறிவிப்பு உயிரிழப்பில் மட்டும் நின்றுவிடாமல், இறக்காமல் நாள்தோறும் வதைபடும் உடம்புகளையும் கணக்கில் கொள்ள வேண்டுமானால், அதற்கான தரவுகளை நாம்தான் தர வேண்டும்.

அதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். அச்சில் ஊற்றும் குழம்பில் தண்ணீர் எவ்வளவு என்று இந்த ஊரில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்கிறார்கள்; கூடினாலும் குறைந்தாலும் பொருள் கெட்டுவிடும் என்று தெரியும். அந்தக் கவனத்தில் ஒரு பங்கை அதை ஊற்றும் பெண்ணுக்கும் கொடுப்போம். வேலைக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 50 கிலோ பெண் மாலையில் ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரை இழந்திருக்கிறாள். உடல் எடையில் அது 2 சதவீதம், தளர்ச்சி தெரியத் தொடங்கும் அளவு. சிறுநீரின் நிறத்தைக் குறியுங்கள். கூடவே இதுவரை நம் படிவங்களில் இல்லாத கட்டங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கடைசி மாதவிடாய்த் தேதி, கருவுற்ற மாதம், பால் கொடுக்கிறாளா, மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டு, என்ன மாத்திரை, கழிப்பறை எத்தனை அடி தூரம், எழுந்து போனால் துண்டுக்கூலி குறையுமா. வீட்டில் குடித்துவிட்டு வந்த நீராகாரத்தையும் இடையில் குடித்த மோரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பும் நீரும் சேர்ந்த அவற்றை டம்ளர் கணக்கில் வராதவை என்று தள்ளிவிடக் கூடாது.

முதல் அமர்வு கருவுற்ற பெண்களைப் பற்றியது. கட்டுரையாளர்கள் ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிடம். அதில் கடைசி ஐந்து நிமிடத்தை முன்வரிசைக்கு வந்திருக்கும் சகோதரிகளின் கேள்விகளுக்கு ஒதுக்குமாறு அமர்வுத் தலைவரைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.