நீரிழிவு ஆய்வும் கொல்லாமையும்
(ஜீயபுரத்தில் மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



இன்று காலை பெரியவர் ஒருவர் என்னிடம், "தம்பி, நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். அதில் உயிர்க்கொலை உண்டா?" என்று வினவினார். அவருக்கு அரைகுறையாகவே விடை கூறினேன். எஞ்சியதை இங்கே கூறுகிறேன்.

இன்றைய மனித இன்சுலின் நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கப்படுவது. 1982இல் அது விற்பனைக்கு வரும்வரை மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இன்சுலின் எடுத்தனர். அதற்கும் முன்னே, 1889இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மேரிங், மின்கோவ்ஸ்கி இருவரும் நாயின் கணையத்தை அகற்றியபோதுதான் நீரிழிவின் இருப்பிடம் புலப்பட்டது. 1921இல் டொரண்டோவில் பேண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டதும் நாய்களைக் கொண்டே. அக்கடனை நாம் மறுக்கவியலாது.

நானும் அக்கடனில் பங்குடையவன். ஆய்வு மாணவனாயிருந்த காலத்தில் வெள்ளெலிகளுக்கு ஸ்ட்ரெப்டோசோட்டோசின் செலுத்தி நீரிழிவை உண்டாக்கினேன். சில வாரங்களுக்குப்பின் அவற்றின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் எடுத்து ஆராய்ந்தேன். நம் ஆசாரியர்கள் இல்லறத்தாரின் இம்சையை ஆரம்பி, உத்யோகி, விரோதி, சங்கல்பி என நான்காக வகுத்தனர். இல்லப்பணி, தொழில், தற்காப்பு ஆகியவற்றில் நேர்வன முதல் மூன்று. கருதியே செய்வது நான்காவது, அறவே விலக்கத்தக்கது. என் செயல் உத்யோகியே என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று அவ்வாறு சொல்ல நா எழவில்லை.

அறிவியலும் என் பக்கம் முழுதாக நிற்கவில்லை. அம்மருந்து சிறுநீரகத்தையும் நேரே தாக்கவல்லது; ஆகவே கண்ட பழுது சர்க்கரையால் வந்ததா, மருந்தால் வந்ததா எனப் பிரித்தறிவதே கடினம். சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500 முதல் 600 முறை துடிப்பது. அதன் இரத்தக் குழாயில் நமக்குப் படிவதுபோல் கொழுப்பு இயல்பாகப் படிவதில்லை. மரபணுவை மாற்றியே படியச் செய்கின்றனர். சிறுநீரில் புரதம் கசியும், ஆயினும் மனிதரைப்போல் சிறுநீரகம் செயலிழக்கும் நிலைக்கு அது பெரும்பாலும் செல்வதில்லை. இரண்டாண்டே வாழும் உயிரில் இருபதாண்டு நோயை எங்ஙனம் காண்பது? எம்பாகிளிஃப்ளோசின் என்னும் மருந்து நீரிழிவாளரின் இதயநோய் இறப்பைக் குறைப்பது, 7,000க்கும் மேற்பட்ட மனிதர் பங்கேற்று 2015இல் வெளியான ஆய்வில்தான் உறுதியாயிற்று.

எனினும் ஒன்றை ஒளிக்காமல் கூறவேண்டும். இதயமும் சிறுநீரகமும் ஒன்றையொன்று கெடுக்கும் இந்நோயை, கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் முழுதும் காண இன்னும் இயலவில்லை. நீரிழிவால் சிறுநீரகம் பழுதுற்ற என் தாயாருக்கு நான் கொடுத்த மருந்துகள் விலங்குகளில் சோதிக்கப்பட்டவையே. அறிந்தே கொடுத்தேன்.

1959இல் ரசல், பர்ச் என்னும் இரு அறிஞர், இயன்றவிடத்து விலங்குக்கு மாற்று, இயலாவிடில் எண்ணிக்கைக் குறைப்பு, துன்பத் தணிப்பு என மூன்று நெறிகளை வகுத்தனர். அவ்வழியில், நம் திருச்சியிலேயே பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மகாத்மா காந்தி-டோரன்காம்ப் மையம் 2009இல் தோன்றியது. உயிரியல் கல்வியில் விலங்குகளுக்கு மாற்று தேடவே அது தோற்றுவிக்கப்பட்டது. 2023இல் நடுவண் அரசும் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, உயிரணு வளர்ப்பு, உறுப்புச் சில்லு, கணினிக் கணிப்பு ஆகியவற்றுக்கு இடமளித்தது.

பெரியவரே, தாங்கள் இன்சுலினை நிறுத்தவேண்டா. மருத்துவர்கள் ஆய்வுக்காகத் தங்கள் இரத்தத்தையும் சிறுநீரையும் கேட்டால், விளக்கம் பெற்று, மனமிசைந்தால் கொடுங்கள். நான் என் பெயரை அவ்வாறு ஓர் ஆய்வுக்குப் பதிந்துள்ளேன்.