மேசைமேல் ஒரு வயல்வெளி



எஞ்சின், பெட்டி, நிலையம், கைகாட்டி, பாலம் ஆகிய அனைத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கி, மேசைமேல் ஓடவிட்டுக் காட்டும் கலைக்கு மாதிரி ரயில் அமைப்பு என்று பெயர். அந்த ரயிலின் இருமருங்கிலும் கிடக்கும் வயல்களையும், அவ்வயல்களில் இன்று உழைக்கும் டிராக்டர், அறுவடை இயந்திரம் முதலியவற்றையும் எவ்வாறு செய்து வைப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். திண்டுக்கல்லையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்க எண்ணுகிறேன்.

இது சிறுபிள்ளை விளையாட்டன்றோ என்று பெரியவர்கள் வினவக்கூடும். விளையாட்டுத்தான், எனினும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேர்ப் பருவம் என்று ஒரு பருவத்தையே நம் புலவர்கள் வகுத்து வைத்தார்கள். சிந்துவெளி நகரங்களை அகழ்ந்தவர்கள் சுடுமண்ணால் ஆகிய சின்னஞ்சிறு வண்டிகளைக் கண்டெடுத்தார்கள். அக்காலத்து மக்கள் ஏறிச் சென்ற மர வண்டிகள் மட்கி மறைந்தன. அவர்கள் பிள்ளைகள் இழுத்து விளையாடிய மண் வண்டிகள் எஞ்சி நின்றன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வண்டி எத்தகையது என்று அறிய அவை இன்று ஆராய்ச்சியாளர்க்குத் துணை செய்கின்றன. உண்மையை ஒட்டிச் செய்யப்பட்ட விளையாட்டுப் பொருள் ஒரு காலத்தில் சான்றாகவும் ஆகிவிடும் என்பதை மறவாதீர்கள்.

இக்கலையின் உயிர்நாடி விகிதம். உலகில் பெரிதும் வழங்கும் விகிதம் 87-இல் ஒரு பங்கு. இதனை ‘எச்.ஓ.’ என்பர். அசலில் 87 மில்லிமீட்டர் இருப்பது மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் ஆகும். அந்தக் கணக்கில் ஐந்தரை அடி மனிதன் 19 மில்லிமீட்டர் உயரம் இருப்பான். 15 மீட்டர் தென்னைமரம் 17 சென்டிமீட்டர் ஓங்கி நிற்கும். ஒரு முழ வரப்பு அரைச் சென்டிமீட்டர் அகலம் பெறும். சதுரமான ஒரு ஏக்கர் நிலம் பக்கத்துக்கு 73 சென்டிமீட்டராகச் சுருங்கும். எட்டடிக்கு நாலடி ஒட்டுப்பலகை ஒன்றில் ஏறத்தாழ ஐந்தரை ஏக்கர் நிலம் அடங்கும் என்றால், ஒரு சிறு குடியானவரின் நிலம் முழுவதும் உங்கள் பலகையில் இருக்கிறது என்பது பொருள்.

நம் நாட்டில் இக்கலைக்குச் சிறந்த சான்று வேண்டுவோர் புனே நகருக்குச் செல்லலாம். ஜோஷி என்ற அன்பரின் நெடுநாள் உழைப்பால் உருவான சிற்றுரு ரயில் காட்சிச்சாலை அங்கே 1998-இல் திறக்கப்பட்டது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-இல் தொடங்கிய காட்சிச்சாலையோ மலை, கடல், நகரம் அனைத்தையும் உள்ளடக்கி விரிந்துகொண்டே செல்கிறது. இத்தகையவற்றைக் காணும்போது, நம் சமவெளியையும் இவ்வாறு அமைத்தல் ஆகாதோ என்ற எண்ணம் எழுவது இயல்பு.

திண்டுக்கல்லுக்கு 1875-இல் ரயில் வந்தது. பழனி வழியாகப் பொள்ளாச்சி செல்லும் பாதை 1928-இல் திறக்கப்பட்டது. மீட்டர் பாதையாக இருந்த அது, பழனி வரையில் 2012-இலும், அப்பால் பொள்ளாச்சி வரையில் 2015-இலும் அகலப்பாதையாகித் திறக்கப்பட்டது. திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு ஏறத்தாழ 58 கிலோமீட்டர். 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் அது 660 மீட்டருக்கு மேல் நீளும். எந்தப் பள்ளிக்கூட மண்டபமும் அதற்குப் போதாது. ஆகவே ஓரிடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் இடையே, ரயில் பாதையும் வண்டிப்பாதையும் ஒன்றையொன்று கடக்கும் இடம் ஒன்று போதும்.

இடத்தைப் போலவே காலத்தையும் தேர்ந்துகொள்ளுதல் வேண்டும். ஒரு வயலில் நாற்று நடவும் பக்கத்து வயலில் முற்றிய கதிரின் அறுவடையுமாகக் காட்டினால் உழவர் நகைப்பர். நீராவி எஞ்சினும் இக்காலத்து அறுவடை இயந்திரமும் ஒரே பலகையில் சந்திப்பதும் பொருந்தாது. தை மாத அறுவடை என்று முடிவு செய்துகொண்டால், வயலின் நிறம், வைக்கோல், களம், நிலத்தின் ஈரம் ஆகிய யாவும் அதனைப் பின்பற்றும்.

இனி, டிராக்டரைச் செய்வோம். சென்னையில் 1960-இல் தொடங்கப்பெற்ற ‘டாஃபே’ நிறுவனத்தின் சிவப்பு டிராக்டர் நம் ஊர்களில் எல்லோரும் அறிந்தது. நடுத்தர டிராக்டர் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் நீளம். மாதிரியில் 40 மில்லிமீட்டர். பின்சக்கரத்தின் குறுக்களவு சுமார் 1.3 மீட்டர், 15 மில்லிமீட்டர் பொத்தான் அதற்கு அமையும். முன்சக்கரம் எட்டரை மில்லிமீட்டர். தடித்த அட்டையை வட்டமாக வெட்டி ஒட்டலாம். புகைபோக்கிக்குக் குண்டூசி போதும். பின்னால் பூட்டுவது எது என்பதில் கருத்து வேண்டும். வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரி நிலமாயின் கொத்துக் கலப்பை பொருந்தும்; சேறு கலக்கும் நெல் வயலாயின் இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்ட வேண்டும். நிலக்கோட்டை மல்லிகைத் தோட்டமாயின், பூப்பறிக்க எந்த இயந்திரமும் இல்லை. பறிக்கும் பெண்களின் உருவங்களையே செய்து வைக்க வேண்டும்.

அறுவடை இயந்திரத்தில்தான் பலர் தவறுவர். வெளிநாட்டுக் கடைகளில் அழகிய மாதிரிகள் கிடைக்கின்றன. ஆனால் அவற்றுட் பல, ஒன்பது மீட்டர் அகலத்துக்குக் கோதுமையை ஒரே வீச்சில் அறுக்கும் பேரியந்திரங்களின் மாதிரிகள். அதனை நம் வயலில் இறக்கினால் திரும்புவதற்கு இடமில்லாமல் வரப்பை மிதித்து நிற்கும். நம் ஊர் நெல் வயலுக்கு லாரியில் வந்து இறங்கும் இயந்திரத்தின் வெட்டு அகலம் இரண்டு மீட்டர் அளவினது. மாதிரியில் 23 மில்லிமீட்டர். முன்னே கதிரை வளைத்துத் தரும் சுழல் சட்டம், அதன் கீழே வெட்டும் பற்கள், உள்ளே கதிரடிக்கும் உருளை, பதரை ஊதும் விசிறி, மேலே நெல் சேரும் தொட்டி என்று அதன் உறுப்புகளை வரிசையாக அறிந்துகொண்டு செய்யுங்கள். டயர் வண்டி, பெல்ட் வண்டி என்று உழவர் பிரித்துக் கூறுவதன் காரணத்தையும் சிந்தியுங்கள். சக்கரம் சிறிதளவு நிலத்தையே தொடுகிறது. ரப்பர்ப் பட்டை நீண்ட நிலப்பரப்பில் எடையைப் பகிர்ந்து தருகிறது. அதனால் ஈர வயலில் அமிழ்வதில்லை. அழுத்தம் பற்றிய பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்தக் கரும்பலகையும் கற்பிக்காது. பழைய சைக்கிள் டியூபை மெல்லிய பட்டையாக அறுத்தால் அந்தப் பெல்ட் கிடைத்துவிடும்.

இவ்வாறு அளந்து செய்த மாதிரி கேள்விகளுக்கு விடையும் சொல்லும். ரயில்வே கேட் இருந்த பல இடங்களில் இப்போது தண்டவாளத்தின் கீழே சுரங்கப்பாதை அமைத்திருக்கிறார்கள். அதன் நுழைவாயிலில் உயர வரம்பு எழுதப்பட்டிருக்கும். 3.6 மீட்டர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதிரியில் அது 41 மில்லிமீட்டர். தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரத்துக்கு வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் 46 மில்லிமீட்டர் இருக்கும். அதனை உருட்டிப் பாருங்கள், முட்டி நிற்கும். அந்த ஐந்து மில்லிமீட்டருக்காக உண்மை உழவர் எத்தனை தொலைவு சுற்றிச் செல்ல நேரும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒரு பாதையை வகுப்பதற்கு முன்னர் யார் யாரை, எவ்வெவற்றைக் கேட்க வேண்டும் என்பது அப்போது தானே விளங்கும். நாளை உங்களுள் ஒருவர் பொறியாளராகும்போது இவ்வறிவு ஊருக்குப் பயன்படும்.

அளவெடுக்கும் முறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இயந்திரம் ஓய்ந்து நிற்கும்போது, உரியவரிடம் கேட்டுக்கொண்டு, துணையோடு சென்று அளந்திடுக. தண்டவாளத்தின் பக்கம் எக்காரணத்தாலும் செல்லற்க. அதன் அளவு நூல்களிலேயே உள்ளது. அகலப்பாதை 1676 மில்லிமீட்டர், மாதிரியில் 19.3. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டரே, அது மேனாட்டுப் பாதைக்கு வகுத்த அளவு. பழைய மீட்டர் பாதைக்கோ 11.5 மில்லிமீட்டர் வேண்டும். 12 மில்லிமீட்டர்த் தண்டவாளம் விற்பனையில் உண்டு. ஆகவே இன்றைய பழனிப் பாதையைவிட அன்றைய பழனிப் பாதையை அளவு பிசகாமல் அமைப்பது எளிது.

என் இளமையில் கிணறுதோறும் கமலை இருந்தது. மாடு பின்னோக்கி நடக்கக் கூனை கிணற்றில் இறங்கும். முன்னோக்கி நடக்க நீர் மேலே வரும். பம்புசெட் வந்தது, கமலை போயிற்று. மாடு நடந்த சரிவின் நீளம் என்ன, கூனை எவ்வளவு நீர் கொள்ளும் என்று கேட்டால், அளந்து எழுதி வைத்தவரை எங்கள் ஊர்ப்பக்கத்தில் காண்பது அரிது. அன்றாடம் கண்ணிற் படும் பொருளை அளந்து வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. இன்று வயலில் ஓடும் இயந்திரங்களும் ஒரு நாள் மறையும். அவற்றின் இடத்தில் வேறொன்று வரும். அந்நாள் வருமுன், ஓர் அளவு நாடாவையும் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் உழவரிடம் செல்லுங்கள். அவர் சொல்லும் பெயரையும் நீங்கள் எடுக்கும் அளவையும் பக்கத்திற் பக்கம் எழுதுங்கள். அட்டையும் பசையும் அதன்பின் வாங்கலாம்.