பி95 கொணர்ந்த தூது



பறவையைத் தூது விடுதல் நம் புலவர்க்குப் பழகிய மரபு. அன்னமும் கிளியும் நாரையும் மாந்தரின் சொல்லைச் சுமந்து சென்றன. பறவை தன் செய்தியைத் தானே கொணருமாயின், அது யாதாக இருக்கும்? அத்தகைய தூதொன்றைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

ஆங்கிலத்தில் ‘ரெட் நாட்’ எனப்படும் பறவை உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்தது. எடை ஏறத்தாழ 130 கிராம். 1995 பிப்ரவரியில் அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள ரியோ கிராண்டே கடற்கரையில் இவற்றுள் ஒன்றைப் பிடித்து, ஆய்வாளர் கால்வளையம் இட்டனர். அன்றே அது வளர்ந்த பறவை. 2001இல் மீண்டும் வலையிற் சிக்கியபோது, ‘பி95’ எனப் பொறித்த செம்மஞ்சள் பட்டையை அணிவித்தனர். நாட்டுக்கொரு நிறம் என்பது அவர்தம் ஏற்பாடு, செம்மஞ்சள் அர்ஜென்டினாவுக்குரியது. பட்டை அணிந்த பறவையை மீண்டும் பிடிக்க வேண்டுவதில்லை, தொலைநோக்கியால் படித்தறியலாம்.

இவ்வினம் ஆண்டுதோறும் கனடாவின் வடதுருவப் பகுதிக்குச் சென்று, குஞ்சு பொரித்துத் தெற்கே மீள்கிறது. சென்றுவர ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர். பி95 இறுதியாகக் காணப்பட்டது 2014 மே மாதத்தில். அதற்குள் அது பறந்த தொலைவு நிலவை எட்டி, திரும்பும் வழியிலும் பாதியைக் கடந்திருக்கும் எனக் கணித்தனர்.

நெடுவழி செல்வோர்க்கு ஆற்றுணா வேண்டும். இப்பறவைகளுக்கு அதனை அளிக்கும் சத்திரம் அமெரிக்காவின் டெலவேர் விரிகுடா. மே மாதத்தில் அங்குக் கரையேறும் குதிரைலாட நண்டுகள் மணலில் முட்டையிடும். அம்முட்டைகளை உண்டு, இரண்டு வாரங்களில் பறவைகள் எடையை ஏறக்குறைய இருமடங்காக்கும். 1990களில் விலாங்கும் கடல்நத்தையும் பிடிப்பதற்கு இரையாக இந்நண்டுகளைப் பெருமளவில் வாரிச் சென்றனர். முட்டை அருகியது, பசியோடு வடக்கே புறப்பட்ட பறவைகள் பல மீளவில்லை. தென்கோடியில் 2000இல் 51,000க்கு மேல் எண்ணப்பட்டவை 2005இல் 18,000க்கும் குறைந்தன.

அவ்வழிவுக்குத் தப்பி ஆண்டுதோறும் பறந்தது பி95. வளையம் இல்லையேல் அதுவும் ஆயிரத்துள் ஒன்றாகவே கழிந்திருக்கும். வளையம் இருந்தமையால் இரண்டு உண்மைகள் புலனாயின. அச்சிற்றுயிர் இருபது ஆண்டுகளேனும் வாழ வல்லது என்பது ஒன்று. அத்துணை வலிய சிறகும் ஒரு கடற்கரையின் இருவார உணவை நம்பியே உள்ளது என்பது மற்றொன்று.

செய்தி சிலர் செவிக்கு எட்டியது. நியூ ஜெர்சி மாநிலம் 2008இல் நண்டு பிடித்தலைத் தடை செய்தது. 2014 இறுதியில் அமெரிக்க அரசு இவ்வினத்தை அச்சுறுத்தலுக்குள்ளானதாக அறிவித்தது. ரியோ கிராண்டே நகரமோ பி95ஐத் தன் தூதுவராகவே ஏற்றது.

தூது விடுத்தவர் மறுமொழிக்குக் காத்திருப்பது மரபு. இங்கே தூது பறவையினுடையது. மறுமொழி கூறும் கடன் நம்முடையது. சத்திரத்தை மூடிவிட்டு வழிப்போக்கரின் வலிமையைப் பாடுதல் புலமைக்கு அழகன்று.