ஊஞ்சல் பலகையைத் தேய்க்கும் முன்

(நம் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த எங்கள் பூர்வீக வீட்டை விற்றபோது நான் கேட்டு வாங்கிக்கொண்டது ஒரே பொருள்தான்: தேக்கு ஊஞ்சல் பலகை. அதன் ஓரத்தில் ஒரு வட்டத் தடம் இருந்தது. பாட்டி வெற்றிலை இடிக்கும் உரலை வைத்து வைத்து விழுந்த தடம். ராஜபாளையத்துக்கு, நம் குடியிருப்புக்குக் கொண்டுவந்ததும் பளபளப்பாக்கும் ஆசையில் வாடகைக்கு கிரைண்டர் எடுத்து, உப்புத்தாள் வட்டை மாட்டி ஓட்டினேன். பத்தே நிமிடம். அழுக்கு போனது, பாட்டியின் தடமும் போனது. பலகை முழுக்க வளையம் வளையமாகக் கீறல். அதைச் சரிசெய்த ஆசாரி ஒன்றுதான் சொன்னார்: "தேய்ச்ச மரம் திரும்பி வராது சார்."

உங்களில் பலர் வீட்டிலும் ஊரிலிருந்து வந்த கதவோ, ஊஞ்சலோ, மரப்பெட்டியோ இருக்கிறது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில், பழைய பெயிண்ட். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசியில் ஈயம் இருந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேயுங்கள், அல்லது ரிமூவர் தடவிச் சுரண்டுங்கள். முகக்கவசம் கட்டாயம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் வேண்டாம். முடித்ததும் துடைப்பம் எடுக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பொது வராந்தாவில் இந்த வேலையே வேண்டாம்.

அடுத்து, தேய்ப்பு. உப்புத்தாளின் எண் கூடக்கூட அது நைசாகும். 80, 120, 180, 220 என்று படிப்படியாகப் போங்கள். வழவழப்பான பலகைக்கு 120-லேயே தொடங்கலாம். எப்போதும் மர ரேகை ஓடும் திசையிலேயே கை ஓட வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் முன் பலகை முழுக்கப் பென்சிலால் மெல்லக் கிறுக்குங்கள். கிறுக்கல் மறைந்ததும் அடுத்த தாளுக்குப் போங்கள். தூசி துடைக்க நம் பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி அருமையானது. அதன் இடைவெளிகள் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு, பூச்சு. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ் உள்ளே இருக்கும் ஊஞ்சலுக்கு அழகு. ஆனால் சூடான காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். மழைச்சாரலும் வெயிலும் படும் கதவுக்கு வெளிப்புற வார்னிஷ்தான் சரி. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அரக்கு வெளுத்துப்போகும். பங்குனி, சித்திரையில் செய்யுங்கள். எதையும் முதலில் பலகையின் அடிப்பக்கத்தில் பூசிப் பாருங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் அடுப்பும் விளக்கும் எரியக் கூடாது.

ஆளி விதை எண்ணெய் பூசுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்துவிடுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயப்போடுங்கள். அடுக்குமாடியில் ஒரு வீட்டுத் தீ எல்லோர் வீட்டுக்கும்தான்.

'எங்கள் படுக்கையறை மரத்தரையையும் தேய்க்கலாமா?' என்று சிலர் கேட்டீர்கள். அது லேமினேட் என்றால் கூடாது. மேலே தெரியும் மர ரேகை வெறும் அச்சிட்ட தாள், தேய்த்தால் கிழிந்துவிடும். பல அடுக்கு ஒட்டிய பலகை என்றால் மேலடுக்கு சில மில்லிமீட்டர்தான். விவரம் தெரிந்தவரைக் கேட்காமல் தொடாதீர்கள். முழு மரப்பலகையைத்தான் பயமின்றித் தேய்க்கலாம்.

கடைசியாக ஒன்று. உப்புத்தாளை எடுக்கும் முன் வீட்டுப் பெரியவர்களை அழைத்து அந்தப் பலகையைக் காட்டுங்கள். எந்தத் தடம் யாருடையது என்று கேளுங்கள். அதை விட்டுவிட்டு மீதியைத் தேயுங்கள்.